குழந்தையின் சொல்லும் கேட்டவர் கடமையும்

ஒரு குழந்தை தனக்கு நேர்ந்த தீங்கு ஒன்றைப் பெரியவர் ஒருவரிடம் சொல்லுகிறது. கேட்டவர் அத்தீங்கைத் தம் கண்ணால் கண்டவரல்லர். தீங்கு செய்தவராகக் குழந்தை குறிப்பிடும் மனிதரோ ஊராரால் மதிக்கப்படுபவர். ஒருவேளை கேட்டவருக்கே உறவினர், அல்லது நெடுநாள் நண்பர். இந்நிலையில் கேட்டவர் வாய் திறக்கலாமா? திறந்தால், உறுதியாகத் தெரியாத ஒன்றைக் கூறிப் பிறர் பெயரைக் கெடுத்தவர் ஆவாரா? திறவாவிட்டால், அக்குழந்தைக்கு அவர் என்ன ஆகிறார்? இவ்வினாவையே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுகின்றோம்.

இதனை இப்பொழுது எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சென்னையிலும் தங்கவயலிலும் பெங்களூரிலும் நம்மவர் கூடி வாழும் பிற இடங்களிலும் விஹாரைகளை ஒட்டி ஞாயிற்றுக்கிழமைத் தம்ம வகுப்புகள், மாலைப் பாடசாலைகள், சிறுவர் விளையாட்டுக் குழுக்கள் முதலியன நடத்தப்படுகின்றன. நடத்துவோர் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்கள். 'குழந்தைகள் பாதுகாப்பு' என்ற சொல்லைக் கேட்டவுடன், அது பெரிய பள்ளிக்கூடங்களுக்கும் அரசாங்க விடுதிகளுக்கும் உரிய காரியம் என்று இவர்கள் எண்ணிவிடுகின்றனர். சட்டம் அவ்வாறு எண்ணவில்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2012ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. போக்சோ என்று மக்கள் வழங்குவது இதனையே. இதன் கீழ் 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வெளியான விதிகள், ஒவ்வொரு மாநில அரசும் ஒரு குழந்தைகள் பாதுகாப்புக் கொள்கையை வகுக்க வேண்டும் என்றும், குழந்தைகளோடு பணியாற்றுகிற அல்லது அவர்களோடு தொடர்பு கொள்கிற எல்லா நிறுவனங்களும் அமைப்புகளும் அதனை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றும் கூறுகின்றன. எல்லா அமைப்புகளும் என்றால் நாற்பது பிள்ளைகள் பாய் விரித்து அமரும் நம் வகுப்பும் அதனுள் அடங்கும்.

இனி வினாவுக்கு வருவோம். நல்லவர் பலர் கூறும் மறுமொழி யாதெனில், 'எனக்கு உறுதியாகத் தெரியாது. ஆதலின் நான் பேசாதிருப்பதே முறை' என்பதாகும். இவர்கள் கோழைகளல்லர். இம்மறுமொழிக்கு அவர்கள் சீலத்தையே துணைக்கு அழைக்கின்றனர். பொய்யுரையாமை பஞ்சசீலத்துள் நான்காவது. புறங்கூறாமையும் கடுஞ்சொல் கூறாமையும் நல்வாய்மையின் உறுப்புகள். தெரியாததைத் தெரிந்ததுபோல் கூறுதல் இவை அனைத்துக்கும் மாறானதன்றோ என்று அவர்கள் கேட்கின்றனர். கேள்வி நேர்மையானது, ஆனால் அதனுள் ஒரு மயக்கம் இருக்கிறது.

'இன்னார் இத்தீங்கைச் செய்தார்' என்பது ஒரு கூற்று. 'இன்னார் இத்தீங்கைச் செய்ததாக இக்குழந்தை என்னிடம் சொல்லிற்று' என்பது வேறொரு கூற்று. முன்னதன் உண்மை கேட்டவருக்குத் தெரியாது. பின்னதன் உண்மையோ, அக்குழந்தை நீங்கலாக, உலகில் அவர் ஒருவருக்கே தெரியும். சட்டம் அவரிடம் கேட்பது பின்னதையே. அச்சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்திருப்பதை அறிந்தவர் மட்டுமன்றி, குற்றம் நடைபெறக்கூடும் என்று அஞ்சுகிறவரும் சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. நிறுவிக் காட்டும்படி அது கேட்கவில்லை. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மீது எவ்வழக்கும் தொடர முடியாது என்றும் அப்பிரிவே கூறுகிறது. ஆகவே தெரிவிப்பவர் தமக்குத் தெரிந்ததை மட்டுமே கூறுகிறார்; சீலம் இதனால் ஒரு நூலிழையும் கெடவில்லை.

மௌனமாயிருப்பவர் நிலை யாது? அவர் ஒன்றும் கூறவில்லை என்று நினைக்கிறோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே மனிதர் கையில் அதே வகுப்பறையின் திறவுகோலை அவர் கொடுக்கும்போது, 'ஒன்றும் நடக்கவில்லை' என்று செயலால் கூறிவிடுகிறார். அது அவருக்குத் தெரியுமா? தெரியாது. உறுதியில்லாத ஒன்றைக் கூறலாகாது என்று தொடங்கியவர், உறுதியில்லாத ஒன்றின்மேல் ஒரு குழந்தையை நிறுத்திவிடுகிறார். ஐயத்தின் பயன் எப்போதும் பெரியவருக்கே போவதும், ஐயத்தின் விலையை எப்போதும் குழந்தையே கொடுப்பதும் எந்த நியாயம் என்பது நமக்கு விளங்கவில்லை.

கேட்பவர்க்கு இனிதல்லாத சொல்லைச் சொல்லலாமா என்ற ஐயத்துக்குப் பகவான் புத்தரே விடை தந்திருக்கிறார். அபய இளவரசன் ஒரு பச்சிளங் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவர்முன் அமர்ந்திருந்தான். இக்குழந்தை ஒரு கல்லையோ குச்சியையோ வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வாய் என்று பகவான் வினவினார். இரத்தம் வருவதாயினும் விரலை விட்டு எடுத்துவிடுவேன், குழந்தைமேல் எனக்குள்ள இரக்கமே காரணம் என்பது இளவரசன் விடை. உண்மையும் நன்மையுமான சொல், கேட்பவர்க்கு இனிக்காததாயினும், காலம் அறிந்து கூறத்தக்கதே என்று பகவான் அதிலிருந்து விளக்கினார். மடியில் இருந்த குழந்தையையே அவர் உவமையாக எடுத்தார் என்பது கருதத்தக்கது.

விநயத்தில் இதனினும் நெருங்கிய ஒரு செய்தி உண்டு. உதாயி என்னும் பிக்கு மறைவான இடத்தில் ஓர் இளம்பெண்ணோடு தனித்து அமர்ந்திருந்ததை விசாகை கண்டாள். அவள் தவறு எதனையும் கண்டவளல்லள். தனித்திருத்தலை மட்டுமே கண்டாள். இது தகாது என்று அவரிடமே கூறினாள். அவர் கேட்கவில்லை. அவள் பிக்குகளிடம் சென்று தான் கண்டதைக் கண்டபடி உரைத்தாள். அதன்மேல் பகவான் உதாயியைக் கடிந்தார். நம்பத்தக்க உபாசிகை ஒருத்தி இவ்வாறு கூறினால் சங்கம் அதனை எடுத்து விசாரிக்க வேண்டும் என்று விதியும் ஏற்பட்டது. அவ்விதிக்கு 'அநியதம்', அஃதாவது இன்ன குற்றம் என்று முன்னரே அறுதியிடப்படாதது, என்பது பெயர். அறுதியிடப்படாத நிலையிலேயே சொல்லலாம், சொல்ல வேண்டும்; அறுதியிடுவது விசாரிப்போர் வேலை என்னும் முறை இப்பெயரிலேயே அமைந்திருக்கிறது. இவ்விடத்தில் 'பெண்' என்ற சொல்லுக்கு விநயம் தரும் விளக்கத்தில் அன்று பிறந்த பெண் குழவியும் அடங்கும். இக்காலத்துக் காப்பு நெறிகள், மூடிய அறையில் ஒரு பெரியவர் ஒரு குழந்தையோடு தனித்திருத்தல் கூடாது, கதவு திறந்திருக்க வேண்டும், பிறர் கண்ணுக்குத் தெரியும்படி அமர வேண்டும் என்று கூறுவதைக் கேட்டு, 'எம்மை ஐயுறுகிறீர்களா?' என்று முகம் சுளிக்கும் தொண்டர்கள், இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாகப் பிக்குகள் இத்தகைய விதிக்கு உட்பட்டு வாழ்வதை நினைத்துப் பார்க்கலாம்.

உறுதி வரட்டும் என்று காத்திருப்பதன் விலை யாது என்பதற்கு நாம் காட்டக்கூடிய சான்று நம் நாட்டினதன்று. இங்கிலாந்தினது; அங்கு இது பற்றி மிக விரிவாக விசாரித்து எழுதி வைத்திருக்கின்றனர். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பெரிய அத்தை ஒருத்தியோடு இலண்டனுக்கு வந்த விக்டோரியா கிளிம்பியே என்னும் எட்டு வயதுச் சிறுமி 2000ஆம் ஆண்டு பெப்ருவரியில் இறந்தாள். அவள் உடலில் 128 காயங்கள் காணப்பட்டன. அத்தையும் அவளுடன் வாழ்ந்த ஆடவனும் கொலைக் குற்றத்துக்கு ஆளாயினர். லேமிங் பிரபு நடத்திய விசாரணையின் அறிக்கை 2003இல் வெளியாயிற்று. சிறுமியை மீட்டிருக்கக்கூடிய வாய்ப்புகள் குறைந்தது பன்னிரண்டு தவறவிடப்பட்டன என்று அது கணக்கிட்டது. மருத்துவர்கள் அவளைக் கண்டனர், சமூகப் பணியாளர்கள் கண்டனர், காவலர் அறிந்திருந்தனர். ஒவ்வொருவரும் சிறிது ஐயுற்றனர். ஒவ்வொருவரும் அதற்கு ஒரு சமாதானம் கண்டனர். தோலிலிருந்த தழும்புகள் சொறி நோய் என்று ஒரு மருத்துவர் எழுதினார். அவளைப் பார்த்த ஒரு மதபோதகர், பேய் பிடித்திருக்கிறது என்று எண்ணினார். அத்தையின் முன் அவள் அசையாமல் நிமிர்ந்து நின்றதைப் பார்த்தவர்கள், அது அவர்கள் நாட்டுப் பிள்ளைகள் பெரியோர்க்குக் காட்டும் மரியாதை என்று கொண்டனர்.

இக்கடைசிச் செய்தியில் நாம் சற்று நிற்க வேண்டும். நம் வீடுகளிலும் பெரியவர் வந்தால் பிள்ளைகள் கைகட்டி நிற்கின்றனர். அதனை நாம் நல்ல வளர்ப்பு என்று பாராட்டுகிறோம். அப்படி நிற்கும் நூறு பிள்ளைகளில் தொண்ணூற்றெட்டுப் பிள்ளைகள் மரியாதையினால் நிற்கலாம். ஆனால் அச்சமும் மரியாதையும் புறத்தோற்றத்தில் ஒன்றே போல் இருப்பவை. முன்பெல்லாம் ஓடிவந்து பேசிய பிள்ளை குறிப்பிட்ட ஒருவர் அறைக்குள் நுழைந்தவுடன் கைகட்டி நிற்கத் தொடங்கினால், அம்மாற்றத்தைக் கவனிப்பவரே நல்ல ஆசிரியர். பிள்ளைகளோடு பணியாற்றுவோர்க்கு எழுதப்படும் கையேடுகள் பலவும் இம்மாற்றத்தைத்தான் வெவ்வேறு சொற்களில் விளக்குகின்றன.

அவ்வறிக்கையின் பின்னர் இங்கிலாந்து 2004இல் ஒரு சட்டம் இயற்றி, ஒவ்வோர் உள்ளாட்சிப் பகுதியிலும் மருத்துவர், ஆசிரியர், காவலர், சமூகப் பணியாளர் ஆகியோர் ஒருங்கே அமரும் பாதுகாப்பு வாரியத்தை ஏற்படுத்திற்று. அந்த வாரியங்களையும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றிவிட்டது. நம் நாட்டில் அவ்விடத்தில் இருப்பவை 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி அமைந்த மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவும் மாவட்டப் பாதுகாப்பு அலகும். நலக் குழுவில் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினரும் இருப்பர். ஒருவராவது பெண்ணாக இருத்தல் வேண்டும். நம்மில் எத்தனை பேர்க்கு நம் மாவட்டக் குழு எங்கே கூடுகிறது என்று தெரியும்?

நம் நாட்டுச் செய்தி வேறு வகையில் கவலை தருவது. நடுவண் அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் வளர்ச்சி அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளை வினவி 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டவர், நூற்றுக்கு 53.22 பேர், ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்பத்துக்கு உள்ளானதாகக் கூறினர். அவர்களுள் ஆண்பிள்ளைகள் பாதிக்குச் சற்று மிகுதி. மகனைப் பற்றிக் கவலையில்லை, மகளைத்தான் காக்க வேண்டும் என்று கருதும் பெற்றோர் இதனைக் கருதுவாராக. தீங்கு செய்தவருள் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவில்லை. ஆகவே நம்மிடம் வந்து சொல்லும் குழந்தை, சொல்லாத பல குழந்தைகளுள் துணிந்து வந்த ஒன்று.

துணிந்து வந்த அக்குழந்தை முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரு வாக்குறுதி. 'யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சொன்னால்தான் சொல்வேன்' என்கிறது. இங்கேதான் அன்புள்ள ஆசிரியைகள் இடறுகின்றனர். வாக்குக் கொடுத்துவிட்டால், பிறகு அவ்வாக்கைக் காத்தால் குழந்தைக்குத் தீங்கு, மீறினால் குழந்தையின் நம்பிக்கைக்குத் தீங்கு. ஆதலின் வாக்குக் கொடுக்கும் முன்னரே உண்மை கூறிவிட வேண்டும் என்று நெறிகள் கூறுகின்றன: 'நீ சொல்வதைத் தெருவில் சொல்லமாட்டேன்; உன்னைக் காப்பாற்றக்கூடியவர்களிடம் மட்டும் சொல்லுவேன்; சொல்லும் முன் உன்னிடம் சொல்லிவிட்டுச் சொல்லுவேன்.' இதனைக் கேட்டுக் குழந்தை வாய் மூடிக்கொண்டால் என் செய்வது என்று கேட்கலாம். சில பிள்ளைகள் அன்று மூடிக்கொள்ளும். ஆனால் வஞ்சித்துப் பெற்ற சொல்லைக் காட்டிலும், ஏழு நாள் கழித்து மனமுவந்து வந்து கூறும் சொல் உறுதியானது. அந்த ஏழு நாளும் அப்பிள்ளையின்மேல் நாம் கண் வைத்திருக்கலாம். வேறு அடையாளங்களால் அச்சம் எழுமாயின், குழந்தை வாய் திறக்கும் வரையில் காத்திருக்க வேண்டியதுமில்லை. சட்டத்துக்கு நம் அச்சமே போதும். ஏழு வயது இராகுலனிடம் விளையாட்டுக்கும் பொய் கூறலாகாது என்று பகவான் கற்பித்தார். பிள்ளைகளுக்குப் பொய் கூறாமை பெரியோர்க்கும் உரியதன்றோ!

சொல்லத் தொடங்கினால் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். 'அவர் இப்படிச் செய்தாரா, அப்படிச் செய்தாரா' என்று விடையை வினாவுக்குள் வைத்து ஊட்டலாகாது. அவ்வாறு ஊட்டிய சொல் பின்னர் நீதிமன்றத்தில் குழந்தையின் சொல்லாக நில்லாது. நம்பாதவர்போல் திரும்பத் திரும்பக் கேட்கவும் கூடாது. குழந்தை எச்சொல்லால் கூறிற்றோ அச்சொல்லையே, நம் நாகரிகத்துக்கு ஏற்ப மாற்றாமல், அன்றைக்கே எழுதி நாளும் நேரமும் இட வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவரை அழைத்துக் கேட்டுப் பார்ப்போம் என்ற எண்ணம் பெரும்பிழை. அவர் நல்லவரானால் அவ்விசாரணை அவரை விடுவிக்காது. தீயவரானால் குழந்தையின் வாயை அடைக்க அவருக்குக் காலம் கொடுத்ததாகும்.

நம் தெருக்களில் இதனினும் கேடான வழக்கம் ஒன்றுண்டு. பெரியவர்கள் நால்வர் கூடி, இரு குடும்பத்தாரையும் அழைத்து, ஒரு தொகையைத் தண்டமாக விதித்து, 'இத்தோடு விடுங்கள், பெண்பிள்ளையின் வாழ்வு' என்று முடித்துவிடுகின்றனர். முடிந்தது யாருக்கு? பணம் ஒரு தந்தையிடமிருந்து மற்றொரு தந்தைக்குப் போயிற்று. குழந்தை அங்கே பேசவும் இல்லை, கேட்கப்படவும் இல்லை. தண்டம் கட்டியவன் அதே தெருவில் இருக்கிறான். அத்தெருவில் வேறு பிள்ளைகளும் இருக்கின்றனர். போக்சோ குற்றங்களைப் பஞ்சாயத்தில் பேசித் தீர்க்கச் சட்டம் எவருக்கும் உரிமை தரவில்லை. அங்கே அமர்ந்த பெரியவர் நால்வரும், அறிந்தும் தெரிவியாதவர் என்ற முறையில், தாங்களே 21ஆம் பிரிவின் கீழ் குற்றவாளிகளாகின்றனர். தெரிவியாமைக்கு ஆறு மாதம் வரை சிறை. ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர் தம் கீழ்ப்பணியாற்றுபவர் குற்றத்தைத் தெரிவியாதிருந்தால் ஓராண்டு வரை. தொழில் செய்வோர்க்கும் விலக்கில்லை. மகாராட்டிரத்தில் விடுதிச் சிறுமியர்க்கு மருத்துவம் பார்த்த ஒருவர் அறிந்தும் தெரிவிக்கவில்லை என்ற குற்றச்சாட்டை உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டபோது, 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, தெரிவியாமை சிறு பிழையன்று, கடுங்குற்றம் என்று கூறிற்று.

காவல் நிலையம் என்றால் நம்மவர் தயங்குவது ஏன் என்பது நமக்குத் தெரியாததன்று. புகார் கொடுக்கச் சென்றவரையே நிற்க வைத்துச் சாதி கேட்ட அனுபவம் எத்தனையோ குடும்பங்களுக்கு உண்டு. அத்தயக்கத்தைக் கோழைத்தனம் என்று கூறுபவர் நம் வரலாறு அறியாதவர். ஆனால் சட்டம் இத்தயக்கத்துக்கும் சில வழிகள் வைத்திருக்கிறது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். இயன்றவரை சார்பு ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அலுவலரே பதிவு செய்ய வேண்டும். அவர் சீருடையில் வரலாகாது. எக்காரணத்தாலும் குழந்தையை இரவில் நிலையத்தில் வைத்தல் கூடாது. தெரிவித்த செய்தியை எழுதி, எண்ணிட்டு, தெரிவித்தவர்க்குப் படித்துக் காட்ட வேண்டும். செய்தி 24 மணி நேரத்துக்குள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் போக வேண்டும். குழந்தையோடு வழக்கு முடியும் வரை உடன் நிற்பதற்கு ஒரு துணை நபரை நலக் குழு அமர்த்தலாம். 1996இல் மும்பையில் தொடங்கிய 1098 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 2023 முதல் அரசின் நேர்ப்பொறுப்பில் இருக்கிறது. தனியே நிலையத்துக்குச் செல்ல அஞ்சுபவர் அங்கிருந்து தொடங்கலாம். தீங்குற்ற பிள்ளை பட்டியல் சாதியைச் சேர்ந்ததாகவும் தீங்கு செய்தவர் அப்பட்டியலுக்கு வெளியே உள்ளவராகவும் இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். பௌத்தராகிவிட்டோம் என்பதனால் இவ்வுரிமை போய்விடாது. 1990ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நமக்கும் உரியதாக்கியது. காகிதத்தில் உள்ளவையெல்லாம் நிலையத்தில் நடப்பதில்லை என்பதை அறிவோம். ஆனால் சீருடையில் வந்தவரிடம், 'ஐயா, சட்டப்படி இப்படி வரலாகாது' என்று கூறுவதற்குக்கூட அக்காகிதம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதனினும் கடினமானது, தீங்கு செய்தவராகக் கூறப்படுபவர் நம்மவராகவே, நம் சங்கத்தின் செயலாளராகவோ, வகுப்பு ஆசிரியராகவோ, காவியுடுத்தவராகவோ இருக்கும் நிலை. நாம் சிறு கூட்டம். தம்மத்துக்கு வந்தவர்களை ஏளனம் செய்யக் காத்திருப்போர் பலர். 'இது வெளியே தெரிந்தால் தம்மத்தின் பெயர் என்ன ஆகும்?' என்று கேட்பவர் தன்னலத்தால் கேட்பதில்லை. பல ஆண்டுகள் உழைத்துக் கட்டிய ஒன்று சரிந்துவிடுமோ என்ற ஏக்கத்தால் கேட்கிறார். அவருக்கு நாம் உதாயியையே மீண்டும் காட்டுகிறோம். அவர் பிழையைச் சங்கம் மறைக்கவில்லை. அவர் பெயரோடு விநய நூலில் வைத்தது, அப்பிழையால் எழுந்த விதியைப் பாதிமோக்கத்தில் சேர்த்து, பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை கூடி ஓதிற்று, இன்றும் ஓதுகிறது. தன் பிக்குகளின் பிழைகளை இவ்வளவு விரிவாகத் தானே எழுதி வைத்துக்கொண்ட சங்கம் அதனால் அழிந்துபோகவில்லை. குழந்தையின் வாயை மூடிக் காக்க வேண்டிய பெயர் எதுவாயினும் அது ததாகதரின் பெயராக இருக்க முடியாது.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. பொய்க் குற்றச்சாட்டால் அழிந்த மனிதரும் உண்டு. பிறரை இழிவுபடுத்தவோ அச்சுறுத்தவோ வேண்டுமென்றே பொய்ப்புகார் கொடுப்பவரை 22ஆம் பிரிவு தண்டிக்கிறது. ஆனால் குழந்தையைத் தண்டிக்காது. தெரிவித்தல் என்பது ஓரிடத்தில் தெரிவித்தல். நம்மவருள் சிலர் காவலரிடம் கூற அஞ்சுவர்; ஆனால் குழாயடியிலும் கல்யாணப் பந்தலிலும் பத்துப் பேரிடம் மெல்லக் கூறுவர். உண்மையில் புறங்கூறல் இதுவே. இதனால் குழந்தையும் காக்கப்படுவதில்லை, குற்றமற்றவர் பெயரும் தப்புவதில்லை. குழந்தையின் பெயரை வெளியிடுவது தனிக் குற்றம் என்பதையும் இத்தகையோர் அறிவாராக.

சட்டத்தில் நாம் ஏற்க முடியாத இடமும் ஒன்றுண்டு. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் அனைவரும் அதற்குக் குழந்தைகளே. பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் ஒருவரை ஒருவர் விரும்பினால், பையன் குற்றவாளியாகிவிடுகிறான். அவன் நம் சேரியைச் சேர்ந்தவனாகவும் அவள் ஊர்த்தெருவைச் சேர்ந்தவளாகவும் இருந்துவிட்டால், குழந்தையைக் காக்க எழுந்த சட்டம் சாதியைக் காக்கும் கருவியாகிவிடுகிறது. இத்தகைய இளையோர் உறவுகளைத் தண்டிப்பது அச்சட்டத்தின் நோக்கமன்று என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 சனவரியில் கூறிற்று. கருவுற்ற சிறுமி அஞ்சி மருத்துவரிடமே வராமற் போகிறாள் என்பதைக் கண்டு, அவளும் அவள் காப்பாளரும் வேண்டினால் மருத்துவர் தம் அறிக்கையில் அவள் பெயரைக் குறிக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் இடம் கொடுத்தது. இவை போதா, சட்டமே திருத்தப்பட வேண்டும் என்பது நம் கருத்து. ஆனால் பதினேழு வயதினரின் காதலைப் பற்றிய இக்குறையைக் காட்டி, எட்டு வயதுக் குழந்தையின் அழுகையைப் பற்றி மௌனம் சாதிப்பவர் வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை.

நம் சங்கங்கள் செய்ய வேண்டியவை பெரிய காரியங்களல்ல. வகுப்பெடுப்போர் யாவர், அவர்கள் முன்பு எங்கே பணியாற்றினர் என்பதை விசாரித்து எழுதி வைத்தல். விதிகள் கூறும் காவல்துறைச் சரிபார்ப்பைத் தலைவர் முதல் தோட்டக்காரர் வரை வேறுபாடின்றிச் செய்வித்தல். பிள்ளைகளும் பெற்றோரும் அணுகுவதற்கு இருவரை, அவர்களுள் ஒருவர் பெண்ணாக, அமர்த்துதல். அவ்விருவரும் சங்கத்தின் பொறுப்பாளர்க்கு நெருங்கிய உறவினராக இராமை நன்று. புகார் அப்பொறுப்பாளரைப் பற்றியதாகவே இருக்கக்கூடுமன்றோ! அடுத்த வைசாகப் பௌர்ணமிக்கு முன் ஒரு மாலையில் ஆசிரியர்கள் எல்லாரும் கூடி இவ்விதிகளை உரக்கப் படித்தால் இரண்டு மணி நேரம் ஆகும். அவ்விருவர் பெயரையும் 1098 என்ற எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டும்போது, பெரியவர் கண்ணுக்கு நேரே ஒட்டாமல், பாயில் அமர்ந்திருக்கும் பிள்ளை தலை நிமிராமலே படிக்கக்கூடிய உயரத்தில் ஒட்டுக.